உவர் நிலம்: சில சரித்திரக் குறிப்புகள்

1

புதுக்கோட்டையைப் பற்றி இலக்கிய நண்பர்களிடம் பேச்செடுத்தால் முதலில் சித்தன்னவாசல் வந்துவிடும். குகைக் கோயிலின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம். மீன்கள், வாத்துகள், எருமை, யானை, பூப்பறிக்கும் மனிதர்கள். சமணர்களின் சமவசரணக் கதையோடு சேர்த்து அறிஞர்கள் இதற்கு விளக்கம் தருகிறார்கள். அடுத்தது குடுமியான்மலை இசைக் கல்வெட்டு. இந்த இரண்டையும் சொல்லி முடித்ததும் எங்கள் மாவட்டத்துக்கு நம் கலாச்சாரப் பிரக்ஞையில் உள்ள இடம் தீர்ந்துபோகிறது.

சித்தன்னவாசல் பாறையிலிருந்து இறங்கி எந்தத் திசையில் நடந்தாலும் அரைமணி நேரத்துக்குள் ஒரு கண்மாய்க் கரையில் ஏறிவிடலாம். மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கண்மாய்கள், ஏரிகள், குளங்கள் இருக்கின்றன. தீட்டிய குளத்தைப் பற்றி எழுதியவர்களில் வெட்டிய குளத்தைப் பற்றி எழுதியவர்கள் எத்தனை பேர்? இதை மற்றவர்களிடம் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. சில வருஷங்களுக்கு முன் இதே பக்கங்களில் ‘உவர்’ என்ற தலைப்பில் ஒரு கவிதை எழுதியிருக்கிறேன். வெளுத்துப்போன வயல் அதில் ஒரு மனநிலைக்குக் குறியீடாக வந்தது. நண்பர்கள் இருவர் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். அந்த வயல் வேறொருவருடையது. அதன் புல எண் எனக்கு மனப்பாடம். அவருடைய கடன் கோப்பு என் மேஜையில் இருந்தது.

ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு வங்கியில் குமாஸ்தாவாகச் சேருகிறவனுக்கு ஒரு அற்ப ஆறுதல் உண்டு. எலியட்டும் வங்கிக்காரர்தானே என்பது. 1917 முதல் 1925 வரை லண்டன் லாயிட்ஸ் வங்கியில் இருந்தார். 1922இல் ‘பாழ்நிலம்’ வெளிவந்தபோதும் அங்கேதான் வேலை. அவருடைய பாழ்நிலத்துக்குப் பின்னால் ஐரோப்பிய யுத்தம் இருந்தது, ஒரு நாகரிகத்தின் களைப்பு இருந்தது. நாம் அதை இறக்குமதி செய்துகொண்டபோது நிலம் கழன்று விழுந்துவிட்டது, பாழ் மட்டும் வந்து சேர்ந்தது. வறட்சி என்றால் அகவறட்சி, உப்பு என்றால் கண்ணீர் என்று நம் புதுக்கவிதையில் ஒரு வாய்பாடு உண்டாகிவிட்டது. என்னுடைய கவிதையும் அந்த வாய்பாட்டில் ஒரு வரிதான். ஆகவே இந்தக் கட்டுரையை அந்தக் கவிதைக்கு நானே எழுதும் தாமதமான மதிப்புரை என்று எடுத்துக்கொள்ளலாம்.

2

முதலில் சொற்கள். உவர் வேறு, களர் வேறு. நிலத்தில் கரையக்கூடிய உப்புகள் மிகுந்து, கோடையில் மேலே வெள்ளையாகப் பூத்து நிற்பது உவர். களர் அதைவிடக் கொடியது. அங்கே மண்ணின் களித் துகள்களை சோடியம் பற்றிக்கொள்கிறது. சுண்ணாம்புச் சத்து இருக்கவேண்டிய இடத்தில் சோடியம் உட்கார்ந்துகொண்டால் துகள்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து நுண்துளைகளை அடைத்துவிடும். மழை பெய்தால் நீர் இறங்காமல் சேறாக நிற்கும், காய்ந்தால் கல்லாகும். உவரை நல்ல நீர் விட்டுக் கழுவலாம். களரை வெறும் நீரால் கழுவ முடியாது, முதலில் ஜிப்சம் போட்டுச் சோடியத்தை விடுவிக்கவேண்டும். இரண்டிலும், கழுவிய நீர் நிலத்தை விட்டு வெளியேற வழி இல்லையானால் செய்த வேலை அத்தனையும் வீண்.

வள்ளுவர் கல்லாதவர்களை விளைச்சல் தராத களருக்கு ஒப்பிட்டார். அன்றிலிருந்து களர் நம் இலக்கியத்தில் ஒரு வசைச்சொல்லாகவே தங்கிவிட்டது. ஆனால் ஊரில் உவர்மண்ணுக்கு உபயோகம் இருந்தது. சலவைத் தொழிலாளர்கள் அதை எடுத்துப்போய் வெள்ளாவிக்குப் பயன்படுத்தினார்கள். அதைக் காய்ச்சி உப்பு எடுத்து ஒரு ஜனக்கூட்டமே பிழைத்தது. புதுக்கோட்டைச் சரித்திரத்தில் கோயில்களுக்கும் தொண்டைமான்களுக்கும் நடுவே ஒளிந்திருப்பது அந்த விஷயம்.

3

புதுக்கோட்டை சமஸ்தானம் 1178 சதுர மைல். கடற்கரை கிடையாது. இப்போதைய மாவட்டத்தின் கடலோரமான மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் எல்லாம் அந்நாளில் சமஸ்தானத்துக்கு வெளியே. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்து திருச்சி ஜில்லாவில் சேர்ந்தது. 1974 ஜனவரி 14இல் புது மாவட்டம் உருவானபோது தஞ்சாவூர் ஜில்லாவின் அறந்தாங்கிப் பக்கமும் சேர, அப்போதுதான் கடல் வந்தது. கடல் இல்லாத அந்தச் சமஸ்தானத்தில் மண்ணிலிருந்தே உப்பு எடுத்தார்கள்.

செய்முறை எளியது. கோடையில் உவர் பூத்த மேல்மண்ணைச் சுரண்டிக் குவிக்கவேண்டும். அடியில் வைக்கோல் பரப்பிய தொட்டியில் மண்ணைக் கொட்டி நீர் ஊற்றினால் உப்புக் கரைந்து கீழே வடியும். அந்த நீரை வெயிலிலோ அடுப்பிலோ வற்றவைத்தால் உப்பு. தொழில் செய்தவர்களுக்கு உப்பிலியர் என்று பெயர். கடலுப்பை வாங்க வழியில்லாத ஏழைகளின் சோற்றில் விழுந்தது இந்த உப்புதான்.

சென்னை ராஜதானியில் 1805 முதல் உப்பு சர்க்காரின் ஏகபோகம். சமஸ்தானத்தைச் சுற்றிலும் பிரிட்டிஷ் ஜில்லாக்கள். வரி கட்டாத மண்ணுப்பு எல்லை தாண்டினால் வருமானத்துக்கு இடைஞ்சல். 1887இல் ஒப்பந்தம் போட்டார்கள். சமஸ்தானத்தில் மண்ணுப்புக் காய்ச்சுவது நிறுத்தப்பட்டது. அதற்கு ஈடாக பிரிட்டிஷ் சர்க்கார் வருஷத்துக்கு 38,000 ரூபாய் தர்பாருக்குக் கொடுத்துவந்தது. அப்போது திவானாக இருந்தவர் அ. சேஷய்யா சாஸ்திரி. 1878இல் வந்து 1894 வரை சமஸ்தானத்தைச் சீர்செய்தவர் என்று பெயரெடுத்தவர். விளைச்சலில் பங்கு பிரிக்கும் அமானி முறையை ஒழித்து ரொக்கத் தீர்வை கொண்டுவந்தார், ஊர்க் குளங்களைத் துப்புரவு செய்தார். அவரைக் குறை சொல்வது என் உத்தேசமில்லை. வரவு எந்தக் கணக்கில் ஏறியது, செலவு யார் தலையில் விழுந்தது என்று பார்ப்பது என் தொழில் பழக்கம். வரவு தர்பார் கணக்கில் ஏறியது. உப்பிலியர் மண்வேலைக்கும் கிணறு வெட்டவும் ரோடு போடவும் போனார்கள் என்பதை 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் ஜாதிகள் பற்றிய நூல் பதிவுசெய்திருக்கிறது.

1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். உப்பைக் கையில் எடுத்தவுடன் அது தேச சரித்திரமாயிற்று. அதற்கு 43 வருஷங்களுக்கு முன், அந்த நடைபாதைக்குத் தெற்கே, ஒரு சீமை முழுவதும் உப்பு அணைக்கப்பட்டிருந்தது. அது சரித்திரமாகவில்லை. அதற்கு ஒரு ரசீது மட்டும் இருக்கிறது.

இதில் இன்னொன்றை யோசிக்கவேண்டியிருக்கிறது. உப்புக் காய்ச்சுகிறவனும் உவர் நிலத்தைத் திருத்துகிறவனும் செய்வது ஒரே காரியம். இருவரும் நல்ல நீரை மண்ணுக்குள் செலுத்தி உப்பைக் கரைத்து வடிக்கிறார்கள். ஒருவன் வடிநீரை வைத்துக்கொண்டு மண்ணைத் தள்ளுகிறான். மற்றவன் மண்ணை வைத்துக்கொண்டு வடிநீரைத் தள்ளுகிறான். அப்படியானால் கோடைதோறும் மேல்மண்ணைச் சுரண்டியதால் நிலம் திருந்தியிருக்குமோ என்று கேட்கத் தோன்றும். சுரண்டி எடுப்பதும் உவர் நீக்கும் வழிகளில் ஒன்று என்று விவசாயப் புத்தகங்கள் ஒப்புக்கொள்கின்றன. ஆனால் பலன் சொற்பம், அடியிலிருந்து உப்பு மறுபடியும் ஏறிவரும். ஆகவே உப்பிலியரை நிலம் காத்தவர்கள் என்று உயர்த்திவைக்க நான் முற்படவில்லை. மண்ணில் உப்பு எங்கே இருக்கிறது, எந்த மாதத்தில் மேலே வருகிறது, எவ்வளவு நீருக்கு இறங்குகிறது என்று அறிந்த கண்கள் ஒரு தலைமுறைக்குள் ரோடு வேலைக்குப் போய்விட்டன என்பதை மட்டும் சொல்கிறேன்.

4

இனி நீர். எங்கள் பக்கத்தில் ஆண்டு மழை சுமார் 900 மில்லி மீட்டர். அதில் பெரும்பங்கு சில மாதங்களுக்குள், அதிலும் சில நாட்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். வெள்ளாறு மழை பெய்தால்தான் ஆறு. எனவே கிடைத்த மழையை ஓடவிடாமல் கரைபோட்டு நிறுத்துவது தவிர வேறு வழி இருக்கவில்லை. மேல் கண்மாய் நிரம்பிக் கலிங்கு வழிந்தால் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. அது நிரம்பினால் அடுத்தது. கடைசியில் மிஞ்சுவது ஆற்றுக்கோ கடலுக்கோ போகும். இந்தச் சங்கிலியைச் சேமிப்பு ஏற்பாடாகவே எல்லோரும் பேசுகிறார்கள். இது ஒரு கழுவும் ஏற்பாடும்கூட. கண்மாய் நீர் மழை நீர், உப்பில்லாதது. அது மடைவழியே வயலில் பாய்ந்து, மண்ணின் உப்பைக் கரைத்துக்கொண்டு கீழ்நோக்கிப் போகிறது. கலிங்கும் வடிகாலும் திறந்திருக்கும்வரை உப்பும் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருக்கும்.

கோடையில் வற்றிய கண்மாய்க்குள் போனால் கரைக்குச் சற்றுத் தள்ளி இரண்டு கல்தூண்கள் குறுக்குப் பலகைக் கற்களோடு தனியாக நிற்பதைக் காணலாம். அதுதான் குமிழி. தூண்களுக்கடியில் கல்தொட்டி, தொட்டியின் மூடுகல்லில் ஒரு வட்டத் துளை. அடைப்பை மேலே தூக்கினால் நீர் குமிழியிட்டு இறங்கிக் கரைக்கு அடியிலுள்ள சுரங்கக் கால்வாய் வழியே வயலுக்குப் போகும். தொட்டியின் கீழ்ப்பக்கத்தில் சிறிய சேறோடித் துளைகளும் உண்டு. அவற்றின் வழியே அடிவண்டல் கொஞ்சம் கொஞ்சமாக நீரோடு வெளியேறும். நீரையும் வண்டலையும் வேறுவேறு துளைகளில் விடவேண்டும் என்று ஆயிரம் வருஷத்துக்கு முன் ஒருவன் யோசித்திருக்கிறான். மடையைத் திறக்க மூழ்கியவனே மடையன், அந்தத் தியாகியைத்தான் நாம் வசைச்சொல்லாக்கிவிட்டோம் என்று மேடைகளில் உருக்கமாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மடமைக்கு வேறு வேர் இருக்கிறது. நீர்ப்பாய்ச்சிகளின் பெருமைக்குப் பொய்யான சொல்லாராய்ச்சி தேவையில்லை.

சமஸ்தானத்துக் கல்வெட்டுகளின் மூலப்பாடங்கள் 1929இல் தொகுதியாக அச்சாயின. கே. ஆர். வேங்கடராம ஐயரின் சமஸ்தான மானுவல் 1938இல் தொடங்கிப் பகுதி பகுதியாக வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளில் கோயில் தானங்களுக்கு நடுவே குளம் வெட்டியதும் கரை திருத்தியதும் மடை வைத்ததும் வருகின்றன. குமிழித் தூண்களிலேயே பொறித்த கல்வெட்டுகளும் உண்டு. அவற்றில் மெய்க்கீர்த்தி இல்லை, வருணனை இல்லை. இந்தக் குமிழியை இன்னார் செய்வித்தார் என்று ஒரே வாக்கியம், சில சமயம் பெயர் மட்டும். மழை வந்து கண்மாய் நிறைந்தால் எழுத்து நீருக்குள் மறைந்துவிடும். வற்றினால் மறுபடியும் படிக்கலாம். தன் எழுத்து வருஷத்தில் பாதி நாள் நீரில் மூழ்கிக் கிடக்கவேண்டும் என்பதே அந்தத் தர்மம் செய்தவனின் ஆசையாக இருந்திருக்கும். எழுத்தாளர்களாகிய நமக்கு இது கொஞ்சம் சங்கடமான செய்தி.

இதை ஒரு பொற்காலமாக நான் சித்தரிக்கவில்லை. கரைக்கு மண் சுமந்தவர்களுக்கு ஆயக்கட்டில் ஒரு குழி நிலம்கூட இருந்ததில்லை. குடிமராமத்து என்று நாம் இன்று இனிமையாகச் சொல்லும் ஏற்பாட்டை 1858இல் சென்னை சர்க்கார் சட்டமாக்கியபோது அதற்கு வைத்த பெயரே கட்டாய உழைப்புச் சட்டம். யாருடைய உழைப்பு, யார் கட்டாயப்படுத்தினார்கள் என்பதை ஜாதியைச் சொல்லாமல் எழுத முடியாது.

5

1934இல் மேட்டூர் அணை முடிந்தது. அந்தத் திட்டத்தோடு கல்லணையிலிருந்து வெட்டிய புதிய கால்வாயை ஜனங்கள் புதாறு என்கிறார்கள். அது தஞ்சாவூர் வறண்ட மேட்டைக் கடந்து அறந்தாங்கிப் பக்கம் இறங்கி மும்பாலை ஏரியில் முடிகிறது. கடைமடை என்ற சொல்லின் பொருள் தெரியவேண்டுமானால் அங்கே போய்ப் பார்க்கவேண்டும். மேலே எல்லோரும் எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சியது வரும், அல்லது வராது. வராத வருஷத்தில் நிலத்தடி நீர். கடலோரத்தில் நல்ல நீரை அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு நீர் உள்ளே நகர்ந்துவரும். 1990களில் நாகப்பட்டினம் தொடங்கித் தெற்கே நீண்ட இறால் பண்ணைகளும் சேர்ந்துகொண்டன. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்திலிருந்த இறால் குட்டைகளை அகற்றத் தீர்ப்பளித்தது. 2005இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் அந்தத் தடையைத் தளர்த்தி, பண்ணைகளைப் பதிவுமுறைக்குள் கொண்டுவந்தது.

மேட்டுப் பக்கத்தில் கதை வேறு. காட்டுத் தோட்டக் கழகம் தொடங்கியதும் மாவட்டம் பிறந்த அதே 1974இல்தான். வரத்துவாரிகளின் தலைமாட்டில் தைலமரக் காடுகள் பரவின. மழைநீர் கண்மாய்க்கு இறங்குவதில்லை என்று விவசாயிகள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கண்மாய் பொய்த்த இடத்தில் போர் போடுகிறார்கள். போருக்கு நாங்கள் கடன் கொடுக்கிறோம்.

மெசபடோமியாவைப் பற்றி 1958இல் யாகோப்சன், ஆடம்ஸ் என்ற இரண்டு அறிஞர்கள் எழுதிய கட்டுரை பிரசித்தமானது. வடிகால் இல்லாத பாசனத்தால் சுமேரியாவின் தென்பகுதியில் உப்பு ஏறியது, கோதுமை மறைந்து உப்பைத் தாங்கும் பார்லி நின்றது, பிறகு அதுவும் குறைந்தது என்பது அவர்கள் வாதம். கோயில் கணக்கர்கள் களிமண் பலகையில் எழுதிய தானியக் கணக்கும் அவர்களுக்குச் சான்றாக இருந்தது. அவர்கள் முடிவை மறுத்தவர்களும் உண்டு. எனக்கு அதில் பிடித்தது, ஒரு நிலம் உப்பானதை அந்த நாட்டுக் குமாஸ்தாக்கள் தங்களை அறியாமலேயே எழுதிவைத்திருந்தார்கள் என்பது.

6

எங்கள் பேரேடு எதை எழுதிவைக்கிறது? கவிதையில் நான் எடுத்துக்கொண்ட வயல்காரர் அறுபது வயது கடந்தவர். ஆழ்துளைக் கிணற்றுக் கடனுக்கு அவர் கொண்டுவந்த சிட்டா, அடங்கல் எல்லாம் சரியாக இருந்தன. விண்ணப்பத்தை நிரப்பியது நான். நீர் எத்தனை அடியில், மோட்டார் என்ன குதிரைத்திறன், எத்தனை ஏக்கர் பாயும் என்று கட்டங்கள் இருந்தன. நீர் எப்படிப்பட்டது என்று கட்டம் இல்லை. இரண்டு வருஷம் விளைந்தது. மூன்றாம் வருஷம் கோடையில் வயல் பூத்தது. கடன் வராக்கடனாயிற்று. நோட்டீசைத் தட்டச்சு செய்ததும் நான்தான். காரணம் என்ற இடத்தில் பயிர்ச் சேதம் என்று போட்டேன். பார்வையிடப் போனபோது வெயிலில் அந்த வெண்மை கண்ணைக் கூசியது. திரும்பி வந்த இரவே கவிதை எழுதினேன். நன்றாக வந்ததாக நினைத்தேன்.

சென்ற ஆடியில் அவர் மறுபடியும் கிளைக்கு வந்தார்.

“தம்பி, வாய்க்காலு வெட்ட லோன் உண்டா?”

“தண்ணி கொண்டுவரவாங்கய்யா?”

“கொண்டாரதுக்கு இல்ல. வெளியேத்துறதுக்கு. தண்ணி கொண்டாந்துதான் கெட்டுச்சு.”

தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழப்போவதாகச் சொன்னார். ஜிப்சம் போடச் சொல்லியிருக்கிறார்கள். நெல்லில் உப்பு தாங்கும் ரகம், 1995இல் வந்த திருச்சி 1, ஒரு மூட்டை விதை சொல்லிவைத்திருக்கிறார். ஐப்பசி மழையை வயலில் தேக்கி வடித்துவிடவேண்டும். ஆனால் வடிகால் அவர் நிலத்தில் தொடங்கி வேறு நான்கு பேர் நிலத்தைத் தாண்டித்தான் ஓடைக்குப் போகமுடியும். எங்கள் கடன் எல்லாம் புல எண்ணுக்குக் கட்டுப்பட்டவை. ஒருவர், ஒரு பட்டா, ஒரு போர். அடுத்தவன் நிலத்தில் ஓடப்போகும் வாய்க்காலுக்கு எந்தப் படிவமும் இல்லை. உப்புக்குப் புல எண் தெரியாது என்பதை மேலாளரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் நல்ல மனிதர். சிரித்துவிட்டு, மேலே எழுதிக் கேட்கலாம் என்றார். எழுதியிருக்கிறோம்.

2021 பிப்ரவரியில் காவிரி - வெள்ளாறு - வைகை - குண்டாறு இணைப்புக்கு எங்கள் மாவட்டத்துக் குன்னத்தூரில் அடிக்கல் நாட்டினார்கள். காவிரி வரட்டும். நூறு வருஷ ஆசை அது, நானும் எதிர்க்கவில்லை. நீர் வரும் வழியைப் பற்றிப் பேசும் அளவுக்குப் போகும் வழியைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் கவலை. பழைய குமிழித் தூணில் பெயர் பொறித்தவன் தன் வயலுக்கு மட்டும் அதைச் செய்திருக்க முடியாது. கண்மாய்க்கு நடுவே நிற்கும் அந்தக் கல்லை இன்று எந்தப் பட்டாவில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கவிதையைத் தொகுப்பில் சேர்க்கப்போவதில்லை. அது மோசமான கவிதை என்பதற்காக அல்ல. அவர் வயலைத் திருத்தும் முயற்சியில் இருக்கும்போது அது பாழ் என்று நான் அச்சில் சொல்லிக்கொண்டிருப்பது சரியாகப் படவில்லை. நான்கு பேரில் மூன்று பேர் வாய்க்காலுக்குச் சம்மதித்துவிட்டார்கள். நாலாமவர் திருப்பூரில் இருக்கிறார். அவருக்குக் கடிதம் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார். இந்தக் கட்டுரையை முடித்துவிட்டு அதை எழுதவேண்டும்.